64 பேர் வசிக்கும் கவுன்டியில் ஒரு ஷெரீப் என்ன செய்கிறார்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஒரு சின்ன கவுன்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஷெரீப் அலுவலகம் எப்படி உருவானது? அதில் யார் யார் இருப்பார்கள், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இவ்வளவு சின்ன அலுவலகத்தைப் பக்கத்துக் கவுன்டியோடு சேர்த்துவிட்டால் என்ன?

பொதுவாகப் பதில் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில மாநிலங்களில் ஷெரீப் பதவியே கிடையாது. அதனால் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: டெக்சஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் லவ்விங் கவுன்டி. எண்ணெய்த் துறையில் வேலை பார்ப்பதால் எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 64 பேர். பரப்பளவோ கிட்டத்தட்ட 1,750 சதுர கிலோமீட்டர். தலைமையிடம் மென்டோன் என்ற சிற்றூர். கவுன்டி முழுவதிலும் நகராட்சி என்று ஒன்று இல்லை, ஆகவே நகரக் காவல்துறையும் இல்லை. யார் அவசரத்துக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டியவர் ஷெரீப்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஷெரீப் என்றதும் நம் மனத்தில் வருவது நட்சத்திர பேட்ஜ் குத்திய போலீஸ்காரர். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இந்த அலுவலகத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும். ஷெரீப்புக்கு மேலே அவரை வேறு ஊருக்கு மாற்றும் அதிகாரி யாரும் இல்லை. மாநில ஆளுநர் நினைத்தாலும் அவரைப் பதவியிலிருந்து தூக்க முடியாது. கவுன்டி மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள் அவர். குற்றவாளியைப் பிடிப்பது அவர் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுவது, சிறையை நடத்துவது, சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது, சொத்தை ஏலம் விடுவது, தெருவில் திரியும் மாட்டைப் பிடித்துக் கட்டுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். லவ்விங் போன்ற இடத்தில் வரி வசூலும் சேர்ந்துகொள்கிறது. அந்த வரி விஷயத்தைப் பிறகு சொல்கிறேன், இந்தக் கதையில் அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பதவியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அரசருக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் வரி வசூலித்து, அமைதியைக் காத்து, அரச நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றிய அதிகாரிதான் ஷெரீப். இந்த அதிகாரிகள் செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. 1215-இல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி எழுதப்பட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தில் ஷெரீப்களுக்குக் கடிவாளம் போடும் பிரிவுகளே பல இருக்கின்றன. இந்தப் பதவி கடல் கடந்து 17-ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியா குடியேற்றத்துக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் நம் சென்னைக்கும் வந்தது. 1726-ஆம் ஆண்டின் அரச சாசனத்தோடு மேயர் நீதிமன்றமும் ஷெரீப் பதவியும் இங்கே ஏற்பட்டன. நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவதுதான் அன்றைய சென்னை ஷெரீப்பின் வேலை. காலப்போக்கில் அது வெறும் கௌரவப் பதவியாகி, பிரமுகர்களை வரவேற்கும் பொறுப்பாகச் சுருங்கி, 1990களின் கடைசியில் இல்லாமலே போய்விட்டது. அமெரிக்காவிலோ அதே பதவியை மக்கள் ஓட்டுப் போட்டு நிரப்பும் வழக்கம் வந்தது. சென்னையில் கரைந்துபோனது அங்கே வலுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஓட்டு வாங்கி வந்தவரின் அதிகாரத்தை மேலிருந்து யாரும் எளிதில் பிடுங்க முடியவில்லை.

டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. தனிக் குடியரசானபோது எழுதிய அரசியலமைப்பிலேயே ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு ஷெரீப், அவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். இன்றுள்ள அமைப்பைத் தீர்மானித்தது 1876-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு. அதன் பின்னணியைத் தெரிந்துகொள்வது நல்லது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆளுநராக வந்த எட்மண்ட் டேவிஸ் 1870-இல் மாநிலக் காவல் படை ஒன்றை உருவாக்கினார். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் கணிசமாக அதில் சேர்ந்தார்கள். கறுப்பின மக்கள்மேல் நடந்த வன்முறையைப் பல கவுன்டிகளில் உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டபோது, அந்தப் படை உள்ளே போனது. வெள்ளையர்களில் பெரும்பாலானோருக்கு அது பிடிக்கவில்லை. 1873-இல் படை கலைக்கப்பட்டது. அடுத்து வந்த 1876 அரசியலமைப்பு, ஆளுநரின் கையைக் கட்டி அதிகாரத்தைத் துண்டு துண்டாகக் கவுன்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஷெரீப்பை மேலிருந்து யாரும் அசைக்க முடியாது என்ற ஏற்பாட்டை உள்ளூர் ஜனநாயகம் என்று மெச்சுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெற்கு மாநிலங்களில் கும்பல் படுகொலைகள் நடந்தபோது சிறைச் சாவி ஷெரீப்பிடம்தான் இருந்தது. கும்பலை எதிர்த்து நின்ற ஷெரீப்களும் உண்டு, ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. ஒதுங்கி நின்றவரை அடுத்த தேர்தலில் தோற்கடித்திருக்க வேண்டியவர்களில் பலர் அந்தக் கும்பலிலேயே இருந்தார்கள்.

சரி, லவ்விங்குக்கு வருவோம். மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற ஆலிவர் லவ்விங் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1867-இல் பீக்கஸ் ஆற்றோரம் கமாஞ்சி பூர்வகுடிகளுடன் நடந்த சண்டையில் காயம்பட்டு இறந்தவர் அவர். 1887-இல் சட்டமன்றம் வரைபடத்தில் கோடு போட்டு இந்தக் கவுன்டியை உருவாக்கியது. கோடு போட்டால் மட்டும் கவுன்டி ஆகிவிடாது. போதுமான வாக்காளர்கள் மனுக் கொடுத்து, தேர்தல் நடத்தி, அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தால்தான் அது தனி நிர்வாகம் ஆகும். அதுவரை பக்கத்துக் கவுன்டியின் நிர்வாகத்தில்தான் இருக்கும்.

1890 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 3 பேர். மூன்றே பேர்! 1893-இல் பாசனக் கால்வாய் வெட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். 150 வாக்காளர்கள் கையெழுத்திட்டதாக ஒரு மனுவைப் பக்கத்து ரீவ்ஸ் கவுன்டியில் கொடுத்தார்கள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஜூலை 8-ஆம் தேதி தேர்தல் நடந்து 83 ஓட்டு விழுந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. அதிகாரிகள் பதவியேற்றார்கள், மென்டோன் தலைமையிடம் ஆனது. கவுன்டி என்று ஆகிவிட்டால் வரி போடலாம், கடன் பத்திரம் வெளியிடலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு மோசடி அம்பலமானது, வெள்ளம் கால்வாய் வேலையைச் சீரழித்தது, வந்தவர்கள் நடையைக் கட்டினார்கள். 1897-இல் சட்டமன்றம் கவுன்டியின் தனி நிர்வாகத்தை ரத்து செய்து, மறுபடியும் ரீவ்ஸோடு சேர்த்துவிட்டது. கையெழுத்துகளைச் சரிபார்க்க ஆளே இல்லாத வெட்டவெளியில் காகிதத்தில் மட்டும் ஒரு நிர்வாகத்தை எழுப்ப முடிந்திருக்கிறது. யார் உண்மையான குடியிருப்பாளர், யார் வாக்காளர் என்ற சந்தேகம் அன்றிலிருந்து இந்தக் கவுன்டியை விட்டபாடில்லை.

1920களின் நடுவில் எண்ணெய் கிடைத்தது, ஆட்கள் வந்தார்கள். 1931-இல் லவ்விங் இரண்டாவது முறையாகத் தனி நிர்வாகம் பெற்றது. டெக்சஸின் 254 கவுன்டிகளில் கடைசியாக அமைந்ததும் இதுதான், இரண்டு முறை அமைக்கப்பட்டதும் இதுதான். 1935-இல் செங்கல்லால் ஒரு நீதிமன்றக் கட்டடம் எழும்பியது. மேற்கு டெக்சஸில் பிற கவுன்டிகள் கட்டிய கோபுரம் வைத்த கம்பீரமான நீதிமன்றங்களைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால், ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் போலத்தான் தெரியும். கவுன்டி நிர்வாகம் முழுக்க அந்தக் கூரையின்கீழ் அடங்கியிருந்தது.

அந்தக் கட்டடத்தில் 1945 ஜனவரியில் ஷெரீப்பாக அமர்ந்தவர் எட்னா ரீட் கிளேட்டன் டூவீஸ். முதலில் நியமனம், பிறகு தேர்தலில் வெற்றி. டெக்சஸில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஷெரீப் அவர்தான். 1947 வரை பதவியில் இருந்த அவர் துப்பாக்கி ஏந்தியதே இல்லை என்றும், இரண்டே இரண்டு பேரைத்தான் கைது செய்தார் என்றும் சொல்வார்கள். பல வருடம் கழித்து 1965-இலிருந்து 1986 வரை அதே கவுன்டியில் எழுத்தர் பதவியில் இருந்தார். துப்பாக்கி இல்லாத ஷெரீப் என்பதை ஒரு விநோதச் செய்தியாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் விநோதம் தெரியவில்லை. முன்னூறுக்கும் குறைவான ஆட்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், வேலையில் பெரும்பங்கு வரி ரசீதும் நீதிமன்றக் காகிதமும். அந்த வேலைக்குத் துப்பாக்கியைவிடக் கணக்குப் புத்தகம்தான் தேவைப்பட்டிருக்கும்.

அவருக்கும் முன்னால் டெக்சஸில் ஒரு பெண் ஷெரீப் இருந்திருக்கிறார், ஆனால் நியமனத்தால் வந்தவர். 1918-இல் கோல்மன் கவுன்டி ஷெரீப் ஜான் பேனிஸ்டர் பதவிக்காலத்திலேயே இறந்தபோது, மீதிக் காலத்துக்கு அவர் மனைவி எம்மாவைக் கவுன்டிக்காரர்கள் நியமித்தார்கள். அந்தக் குடும்பம் சிறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தது; கைதிகளுக்குச் சமைத்துப் போட்டவர் எம்மா. இது அந்த ஒரு குடும்பத்தின் கதை அல்ல. பல கிராமக் கவுன்டிகளில் சிறையின் ஒரு பகுதி ஷெரீப்பின் வீடாகவே கட்டப்பட்டது. கணவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் கதவைத் தட்டுபவருக்குப் பதில் சொல்வது, தகவலை வாங்கி வைப்பது, கைதிகளுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் மனைவியின் வேலை. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஷெரீப்புக்கே அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் கிடையாது. ஒரு கைதுக்கு இவ்வளவு, ஒரு சம்மனுக்கு இவ்வளவு, ஒரு கைதியின் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணக் கணக்குத்தான். அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 20-ஆம் நூற்றாண்டில் அது படிப்படியாகச் சம்பள முறைக்கு மாறியது.

இப்போது அமைப்பு. டெக்சஸில் ஷெரீப் பதவிக்காலம் நான்கு வருடம். 1954 வரை இரண்டு வருடமாகத்தான் இருந்தது. ஜனாதிபதி தேர்தல் நடக்கும் அதே நவம்பரில், கட்சிச் சின்னத்தோடு போட்டி. ஜெயித்தவர் ஜனவரி 1-ஆம் தேதி உறுதிமொழி எடுத்து, 5,000 முதல் 30,000 டாலர் வரையான ஒரு பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். மாநிலச் சட்ட அமலாக்க ஆணையத்தின் காவலர் உரிமமும் அவசியம்.

அவருக்குக் கீழே டெபுட்டிகள், அதாவது துணைக் காவலர்கள். இவர்களை நியமிப்பதும் நீக்குவதும் ஷெரீப்பின் விருப்பம். சின்ன கவுன்டியில் பெரும்பாலும் தேர்வாணையம், பணி மூப்பு என்ற பாதுகாப்பெல்லாம் கிடையாது. ஷெரீப் தேர்தலில் தோற்றால் டெபுட்டிகளின் நியமனமும் அவரோடு முடிந்தது. புது ஷெரீப் முன்னால் மறுபடி உறுதிமொழி எடுத்தால்தான் வேலை. அதனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊரில் ஒரு பதற்றம் இருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. டெபுட்டிகளில் மூத்தவர் தலைமை டெபுட்டி. அப்புறம் ஜெயிலர்கள், 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்து வண்டியை அனுப்பும் டிஸ்பாட்சர், அலுவலக உதவியாளர். பல சின்ன கவுன்டிகளில் ஜெயிலரும் டிஸ்பாட்சரும் ஒரே ஆள்தான். ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் ஒரு காதில் ஃபோனையும் ஒரு கண்ணில் சிறைக் கேமராவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர்களைத் தவிர, சம்பளம் வாங்காத ரிசர்வ் டெபுட்டிகளை வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு.

யாருக்குப் பதில் சொல்வது என்ற கேள்வியில்தான் நம்மவர்கள் குழம்புவார்கள். கவுன்டியை நடத்துவது கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருந்தாலும் அது ஒரு நிர்வாகக் குழு; கவுன்டி ஜட்ஜ் ஒருவர், நான்கு கமிஷனர்கள், எல்லோரும் தேர்தலில் வந்தவர்கள். ஷெரீப்புக்கு எத்தனை டெபுட்டி, எவ்வளவு சம்பளம், எத்தனை வண்டி என்பதை இவர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் யாரை டெபுட்டியாக எடுப்பது, எந்த வழக்கை எப்படி விசாரிப்பது என்பதில் தலையிட முடியாது. கஜானா இவர்களிடம், கடமை அவரிடம். பட்ஜெட் மாதங்களில் உரசல் வரும். ஷெரீப் தப்பு செய்தால் அவரை நீக்க வேண்டுமானால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு ஜூரி விசாரணை நடத்த வேண்டும். பதவி காலியானால் இடைக்காலத்துக்கு ஆளை நியமிப்பது கமிஷனர்ஸ் கோர்ட்.

பக்கவாட்டிலும் ஆட்கள் உண்டு. ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற அடிமட்ட நீதிபதி. வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி முன்னால் நிறுத்தி, உரிமைகளைச் சொல்லி, ஜாமீன் தொகை வைக்க வேண்டும். கிராமத்தில் அதைச் செய்பவர் பெரும்பாலும் இவர்தான். மருத்துவ ஆய்வாளர் இல்லாத கவுன்டியில் சந்தேக மரணங்களை விசாரிப்பவரும் இவரே. கவுன்டி வழக்கறிஞர் தனி. பெரிய குற்ற வழக்குகளுக்கு மாவட்ட வழக்கறிஞர். லவ்விங், ரீவ்ஸ், வார்டு மூன்று கவுன்டிகளுக்கும் சேர்த்து 143-ஆவது நீதி மாவட்டம். மாநில அரசின் நெடுஞ்சாலை ரோந்து போலீஸ், பெரிய வழக்குகளில் உதவிக்கு வரும் டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலப் புலனாய்வுக் காவலர்கள், மாட்டுத் திருட்டுக்கென்றே கால்நடை வளர்ப்போர் சங்கம் வைத்திருக்கும் சிறப்பு ரேஞ்சர்கள் என்று இன்னும் சிலர். 1877-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் ஆட்களுக்கு மாநிலம் முறையாகக் காவலர் அதிகாரம் கொடுத்திருக்கிறது.

இவ்வளவு பேரும் ஒரு சம்பவத்தில் எப்படிச் சேர்கிறார்கள் என்பதை 302-ஆம் நெடுஞ்சாலையில் பார்க்கலாம். ஒடெசா பக்கத்திலிருந்து மேற்கே மென்டோன் வழியாகப் போகும் சாலை அது. மணல் லாரி, தண்ணீர் டேங்கர், குழாய் ஏற்றிய டிரெய்லர், இடையிடையே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பிக்கப் ஓட்டும் ஆட்கள். அங்கே ஒரு மோதல் நடந்தால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் டெபுட்டியின் வண்டி. அவர் சாலையை மறிப்பார், அடிபட்டவரைப் பார்ப்பார், ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் அதுவரை தாங்கிப் பிடிப்பார். விபத்து விசாரணை நெடுஞ்சாலை ரோந்துக்காரருடையது. யாராவது இறந்திருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நேரில் வந்தோ தகவல் பெற்றோ விசாரித்து முடிவு சொல்லும்வரை உடலை எடுக்கக் கூடாது. அவ்வளவு நேரமும் பின்னால் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கும். வேலை நாளில் அந்தக் கவுன்டிக்குள் ஆயிரக்கணக்கானோர் நடமாடுகிறார்கள். கணக்கெடுப்பில் 64 பேர் என்பதை வைத்துக்கொண்டு, "64 பேருக்கு எதற்கு இத்தனை டெபுட்டி?" என்று கேட்பவர்கள் ஒரு தடவை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டுப் போடுகிறவர்கள் சில பேர், பாதுகாப்புத் தேவைப்படுகிறவர்கள் பல மடங்கு. இன்றைய லவ்விங் ஷெரீப் அலுவலகத்தின் பெரிய சிக்கல் இதுதான்.

சிறை இன்னொரு தலைவலி. 1975-இல் டெக்சஸ் சிறைத் தர ஆணையம் என்று ஒன்றை அமைத்தது. 48 கைதிக்கு ஒரு ஜெயிலராவது இருக்க வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கைதியையும் நேரில் பார்க்க வேண்டும், தற்கொலை அபாயம் உள்ளவரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விதிகள் வந்தன. நல்ல விதிகள், உயிரைக் காப்பவை. ஆனால் இரண்டு கைதிகள் மட்டும் இருந்தாலும் இருபத்து நாலு மணி நேரமும் ஜெயிலர் இருந்தாக வேண்டும். பல சின்ன கவுன்டிகள் சிறையைப் பூட்டிவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பக்கத்துக் கவுன்டியில் கைதிகளை வைக்கின்றன. செலவு மிச்சம்தான், ஆனால் ஒருவரைக் கைது செய்தால் அங்கே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்வரை ஒரு டெபுட்டி கணக்கில் இல்லை. ராத்திரியில் பணியில் இருப்பதே ஒருவர் என்றால் கவுன்டியே காலி.

சிவில் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டெக்சஸில் கடன் தீர்ப்புக்காகக் கைப்பற்றிய நிலத்தை ஷெரீப் ஏலம் விடுவது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், நீதிமன்ற வாசலில். பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தை, அவரையும் அவர் அப்பாவையும் தெரிந்த ஒருவர் ஏலம் கூற வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவோடு வாசலில் போய் நிற்பதும் அப்படித்தான். அதேபோல, வேலி தாண்டி வந்த மாடு யாருடையது என்று தெரியாவிட்டால் ஷெரீப்பிடம் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் உரிமையாளரைத் தேடி, அறிவிப்பு ஒட்டி, யாரும் வராவிட்டால் மாட்டை ஏலத்தில் விற்பார். மாடு மேய்க்கும் ஊரில் இது அற்ப வேலை இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் பகை மூளுவதே இதில்தான்.

இப்போது அந்த வரி விஷயம். டெக்சஸ் அரசியலமைப்புப்படி, 10,000 பேருக்குக் கீழே மக்கள்தொகை உள்ள கவுன்டியில் ஷெரீப்பே வரி மதிப்பீட்டாளரும் வசூலிப்பவரும். வாக்காளர்கள் விரும்பினால் அதைத் தனிப் பதவியாகப் பிரிக்கலாம். பெரும்பாலான சின்ன கவுன்டிகள் பிரித்துவிட்டன. பிரிக்காமல் விட்ட சிலவற்றில் லவ்விங்கும் ஒன்று. இங்கிலாந்தில் அரசர் காலத்தில் இருந்த அதே கூட்டுப் பதவி இன்றும் அங்கே நடக்கிறது. இதோடு நிற்கவில்லை: டெக்சஸில் கவுன்டியின் வரி வசூல் அதிகாரிதான் வழக்கமாக வாக்காளர் பதிவாளரும். ஆக, யார் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் என்பதைக் கவனிக்கும் அதே ஆள், அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் ஓட்டை நம்பித் தேர்தலில் நிற்கிறார். லவ்விங்கில் வசிப்பவர்களின் எண்ணிக்கையைவிட வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்கள் அதிகம். வேறு ஊரில் குடியிருந்துகொண்டு, "என் சொந்த வீடு இங்கேதான்" என்று சொல்பவர்கள் பலர். தேர்தலுக்குத் தேர்தல் சண்டை, வழக்கு. ஒன்றிரண்டு ஓட்டில் பதவி மாறும் இடம் அது.

பதவியில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த ஏற்பாடு சரியில்லை என்பது என் கருத்து. கைது செய்யும் அதிகாரம், வரிப் பட்டியல், வாக்காளர் பட்டியல் மூன்றும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறைக்காக 19-ஆம் நூற்றாண்டில் வைத்த வசதி அது. இன்று கவுன்டியிடம் பணம் இருக்கிறது, தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்வது ஒரு பெரிய விஷயமே இல்லை.

இந்த ஓட்டு எண்ணிக்கையின் பலவீனத்தை வெளியாட்களும் கண்டுகொண்டார்கள். 2005, 2006 வாக்கில் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்ற சுதந்திரவாதக் கொள்கை கொண்ட ஒரு சிறு குழு, லவ்விங்கில் நிலம் வாங்கிக் குடியேறி, தேர்தலில் எல்லாப் பதவிகளையும் பிடித்து, தங்களுக்குப் பிடிக்காத சட்டங்களை அமல்படுத்தாமல் விடப்போவதாக வெளிப்படையாகவே திட்டம் போட்டது. நிலம் வாங்கியதாகச் சொன்னது செல்லாது என்று ஆனது, அன்றைய ஷெரீப்பும் ரேஞ்சர்களும் விசாரித்தார்கள், திட்டம் பிசுபிசுத்துப்போனது. அவர்கள் போட்ட கணக்கு மட்டும் தப்பில்லை. சில டஜன் பேர் உண்மையிலேயே குடியேறியிருந்தால் சட்டப்படியே அந்த அலுவலகம் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்ன கவுன்டிகளில் டெபுட்டிகள் நிலைப்பதில்லை. பயிற்சி முடித்து அனுபவம் வந்ததும் அதிகச் சம்பளத்துக்கு நகரத்துக்குப் போய்விடுவார்கள், எண்ணெய்ப் பகுதியில் லாரி ஓட்டப் போனால் அதைவிடவும் கிடைக்கும். 2023-இல் டெக்சஸ் சட்டமன்றம் இதற்காக ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. 10,000 பேருக்குக் கீழே உள்ள கவுன்டியின் ஷெரீப் அலுவலகத்துக்கு வருடம் 2,50,000 டாலர். அதை வாங்கினால் ஷெரீப்புக்குக் குறைந்தது 75,000, ரோந்து டெபுட்டிக்கு 45,000, ஜெயிலருக்கு 40,000 டாலர் ஆண்டுச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இந்தக் குறைந்தபட்சத்தை எட்டவே மானியம் வேண்டியிருந்தது என்றால், அதுவரை எவ்வளவு குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். பருத்தியும் மாடும் மட்டும் உள்ள ஏழைக் கவுன்டிகளுக்கு இந்தத் திட்டம் நிஜமான உதவி.

கடைசியாக, சேர்த்துவிட்டால் என்ன? நிர்வாகக் கணக்கில் நியாயமான கேள்விதான். உண்மையில் பாதி சேர்ந்துதான் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் பொது, மாவட்ட வழக்கறிஞர் பொது, பிள்ளைகள் 1972-லிருந்து பக்கத்துக் கவுன்டியின் விங்க் ஊர்ப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். இப்படி ஒவ்வொரு சேவையாகப் பகிர்ந்துகொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். ரோந்து, அவசர அழைப்பு, சிறை மூன்றையும் இரண்டு மூன்று கவுன்டிகள் சேர்ந்து நடத்தலாம், சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. ஆனால் ஷெரீப் பதவியையே ஒழிக்க வேண்டுமானால் மாநில அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். கவுன்டியைக் கலைக்க வேண்டுமானால் 1897-இல் செய்ததுபோலச் சட்டமன்றம் முன்வர வேண்டும். அன்றைக்கு லவ்விங்கில் வரி கட்டச் சொத்து இல்லை, எதிர்ப்புச் சொல்ல ஆளும் இல்லை. இன்றைக்கு அந்த மணலுக்கு அடியில் பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன, அதன் வரி நேராகக் கவுன்டி கஜானாவுக்கு வருகிறது. அதை ரீவ்ஸோடு பங்கு போட்டுக்கொள்ள மென்டோனில் ஒருவரும் சம்மதிக்கப்போவதில்லை.